தங்குகாற்று: வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு சொல்

வணக்கம்.

மூச்சை விட்டு முடித்ததும் நுரையீரலில் இருக்கும் காற்றின் அளவை ஆங்கிலத்தில் 'எண்ட்-எக்ஸ்பிரேட்டரி லங் வால்யூம்' (ஈ.ஈ.எல்.வி.) என்பார்கள். அதற்குத் தமிழில் வந்த 'இறுதிமூச்சு நுரையீரல் கொள்ளளவு' என்ற பரிந்துரையில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் ஐசியு வாசலில் நிற்கும் உறவினரிடம் "உங்க அப்பாவோட இறுதிமூச்சை அளந்துட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள்! கடைமூச்சு என்றாலும் அதே கதைதான். மூச்சின் முடிவை விட்டுவிடுவோம், அப்போது உள்ளே என்ன கிடக்கிறது என்பதிலிருந்து சொல்லைப் பிடிப்போம்.

இயல்பாக மூச்சை விட்ட பிறகும் வளர்ந்தவர் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று இருக்கும், படுத்தால் குறையும். இதைத் 'தங்குகாற்று' என்கிறேன். முக்கி ஊதித் தள்ளிய பின்னும் வெளியேறாதது 'எஞ்சுகாற்று'. தங்குகாற்றை, அதாவது ஆங்கிலத்தில் 'ஃபங்ஷனல் ரெசிடுவல் கெப்பாசிட்டி' (எஃப்.ஆர்.சி.) என்பதை, 'செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவு' என்று எழுதுவதில் அந்தச் 'செயல்பாட்டு' என்ன வேலை செய்கிறது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

வென்டிலேட்டரில் ஒரு சிக்கல். மூச்சு வெளியேறிய பிறகும் இயந்திரம் கொஞ்சம் அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கும் (பீப் என்பார்கள்), காற்று நுண்ணறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க. அதனால் அங்கே அளப்பதை எஃப்.ஆர்.சி. என்னாமல் ஈ.ஈ.எல்.வி. என்று மருத்துவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நமக்குத் தனிச்சொல் வேண்டாம், '8 செ.மீ. நீரழுத்தத்தில் தங்குகாற்று' என்றால் போதும்.

அப்புறம் தங்குகாற்றை அளக்கும் ஒரு முறை, நைட்ரஜன் வாஷ்-அவுட். 'கழுவி நீக்கல்' நீளம். 'நைட்ரஜன் அலசல்' என்பேன், துணி அலசுவதும் ஆராய்வதும் அதில் சேர்ந்தே வருகின்றன. ஆக்சிஜனை 40 சதவீதத்திலிருந்து 60க்கு ஏற்றினால் நுரையீரலில் நைட்ரஜன் ஏறக்குறைய 20 சதவீதப் புள்ளி இறங்க வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் கூடுதலாக வெளிவந்த நைட்ரஜனைக் கூட்டினால் 180 மி.லி. என்று வைத்துக்கொள்வோம், 0.2ஆல் வகுத்தால் தங்குகாற்று 900 மி.லி. அந்த நுரையீரலுக்குள் 450 மி.லி. மூச்சை அனுப்பினால் இருப்பதில் பாதியை ஒரே தடவையில் திணிக்கிறோம்! இந்த விகிதத்துக்கு, ஸ்ட்ரெயினுக்கு, இயற்பியலின் 'திரிபு' அப்படியே பொருந்தும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. அடைபட்ட பகுதிக்குள் இருக்கும் காற்று அலசலில் வராது, சி.டி.யில் தெரியும். அலசலில் அளந்ததையும் சி.டி.யில் அளந்ததையும் தங்குகாற்று என்றே எழுதினால் எண்கள் ஒத்துப்போகாது. அலசலில் அளந்ததை 'ஓடும் தங்குகாற்று' என்று எழுதிப் பார்த்தேன், ஓடுவது எப்படித் தங்கும் என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். வேறு அடைமொழி இருந்தால் சொல்லுங்கள்.