குழந்தைக் கடத்தல் நாவல்: போலீஸ் நடைமுறையில் ஒரு சந்தேகம்

கேள்வி: கதை 2025, மதுரை. ஏழு வயதுச் சிறுமியைக் காணோம். "24 மணி நேரம் பார்த்துட்டு வாங்க" என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவதாக எழுதலாமா?

பதில் 1: சட்டத்தில் அப்படிக் காத்திருப்பே கிடையாது. 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, குழந்தை காணோம் என்றாலே கடத்தலாகக் கருதி எஃப்ஐஆர் போடணும். சம்பவ இடம் வேறு ஸ்டேஷன் எல்லை என்றால் ஜீரோ எஃப்ஐஆர் (எந்த ஸ்டேஷனிலும் பதிந்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது). அவர் திருப்பி அனுப்பினால் அது கடமை தவறியது. பின்னால் அதற்கு விளைவு வைங்க.

பதில் 2: பிரிவு எண்ணும் முக்கியம். 1.7.2024 முதல் ஐபிசிக்கு (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) பதிலாக பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா). கடத்தலுக்கு 137, பணம் கேட்டு மிரட்டல் வந்ததும் 140(2) சேரும். பழைய ஐபிசி 363, 364ஏ போட்டால் காலம் இடிக்கும்.

பதில் 3: செல் டவர் சுற்றுவட்டாரத்தைத்தான் காட்டும், வீட்டு வாசலை அல்ல. சிசிடிவி டிவிஆரில் (பதிவு செய்யும் பெட்டி) கடிகாரம் பல நிமிடம் பிசகியிருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் வேறு ஆட்டோவைத் துரத்துவது, நம்பும்படியான திருப்பம்.