இருதயப் பயிற்சியில் ஆராய்ச்சி, எங்கிருந்து தொடங்குவது?

சிப்புட் பொண்ணு:
மலேசியாவில் இருதயத் துறையில் ஃபெலோஷிப் (சிறப்பு மருத்துவருக்கான பயிற்சி) செய்கிறேன், சொந்த ஊர் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட். பயிற்சிக்குள் ஓர் ஆராய்ச்சியை முடித்தாக வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மாரடைப்பு வந்தவர்கள் ஏன் இவ்வளவு தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பதை எடுக்கத்தான் ஆசை. ஆனால் ஆன்-கால், கேத் லேப் (இருதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் அறை), கிளினிக் என்றே நாள் ஓடிவிடுகிறது, ஆராய்ச்சி செய்வது எப்படி என்று உட்காரவைத்துச் சொல்லித் தர ஆளில்லை. பழைய கோப்புகளை எடுத்துக் கணக்குப் போட்டால் போதுமா?

எக்கோ அண்ணன்:
தங்கச்சி, நல்ல விஷயம், விட்டுவிடாதே. ஆனால் கோப்பைத் தொடும் முன்பே என்எம்ஆர்ஆரில் (தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிந்து எம்ஆர்இசி (மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு) அனுமதி வாங்க வேண்டும், ஜிசிபி சான்றிதழையும் (ஆராய்ச்சியை முறையாக நடத்தும் பயிற்சிக்கானது) இப்போதே எடுத்துவிடு. "ஏன் தாமதம்" என்பது ஒரு ஃபெலோவுக்கு மிகப் பெரிய கேள்வி. வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை எவ்வளவு நேரம், அதை மட்டும் எடு. உள்ளே வந்த பிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 30 நிமிடம், அடைப்பைத் திறக்கும் பலூனுக்கு 90 நிமிடம் என்று இலக்கு இருக்கிறது, அதனால் அதைக் குறித்து வைக்கிறார்கள். வாசலுக்கு முன்னால் போன மணிநேரங்கள் கோப்பில் ஒழுங்காக இருக்காது. அப்புறம், வீட்டிலேயே இறந்தவர் உன் கோப்பில் இருக்கவே மாட்டார். அதிகம் தாமதித்தவர் அவராகவே இருக்கலாம், அவரை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் தாமதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சிஆர்சியில் (ஆஸ்பத்திரியின் மருத்துவ ஆராய்ச்சி மையம்) புள்ளியியல் தெரிந்தவரைத் தொடக்கத்திலேயே பார், எல்லாம் சேர்த்து முடித்த பிறகு போகாதே.

பழைய டிரசர்:
டாக்டரம்மா, தோட்டத்து கிளினிக்கில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன் நான். நெஞ்சு வலி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் வலியே இல்லை என்பவர்கள் நிறைய. காற்று அடைத்த மாதிரி இருந்தது, தைலம் தேய்த்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன் என்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் வியர்வையும் மூச்சு வாங்கலுமாக வரும், அதையும் கேளுங்கள். மணி கேட்பதைவிட, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முன்னாலா, செம்பனைக் குலை ஏற்ற லோரி வந்த பிறகா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். நாள் சம்பளம் போய்விடுமே என்று வேலை முடியும்வரை தாங்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வித்தாளில் அதற்கும் இடம் விடுங்கள்.

சிப்புட் பொண்ணு:
நன்றி அண்ணே, நன்றி ஐயா. அப்படியென்றால் கோப்பை விட்டுவிட்டு வார்டில் இருப்பவர்களையே நேரில் கேட்கிறேன். இறந்தவர்களின் குடும்பத்தைக் கேட்கலாமா?

எக்கோ அண்ணன்:
கேட்கலாம், ஆனால் அதை அனுமதி விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும், துக்க வீட்டில் எப்போது, யார் போய்க் கேட்பது என்பது உட்பட. முதலில் வார்டை முடி.