கோடு எழுதியவரே ராத்திரி எழுந்திருக்கணுமா? ஆன்-கால் பற்றி ஒரு வாதம்

நிரல்நேயன்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் "தேவைக்கேற்ப ஆன்-கால்" என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதை நின்று படிப்பதில்லை. அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்றால், உங்கள் முறை வரும் வாரம் முழுக்க போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்று அலர்ட் அடித்தால் 5 நிமிஷத்தில் "எடுத்துக்கொண்டேன்" என்று அழுத்தணும், 15 நிமிஷத்தில் லேப்டாப் முன்னால் இருக்கணும். மறுநாள் காலை மீட்டிங் வழக்கம்போல இருக்கும்.

என் நிலைப்பாட்டை நேராகச் சொல்கிறேன். பகலில் கோடு (புரோகிராம்) எழுதுகிறவரை ராத்திரிக் காவலுக்கு வைக்கக் கூடாது. அதற்கு ஷிஃப்ட் முறையில் தனி ஆபரேஷன்ஸ் டீம், அதாவது சிஸ்டம் ஓடுவதை மட்டும் கவனிக்கிற டீம், வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 பேர் டீம், ஆளுக்கு ஒரு வாரம் என்றால் வருஷத்துக்கு 13 வாரம். முதல் ஆள் எடுக்காவிட்டால் அடுத்து அடிக்க செகண்டரி ஒருவர் வேண்டும், அதுவும் இதே நாலு பேர்தான். ஆக 26 வாரம். ஒருவர் வேலையை விட்டால் மிச்சம் மூன்று பேருக்கும் தலைக்கு ஏறக்குறைய 35 வாரம். இதில் அலர்ட் அடித்ததா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். அடிக்காத ராத்திரியிலும் காது போனில்தான் இருக்கும்.

மூன்றாம்யாமம்

கணக்கு சரி. தீர்வு சரியில்லை. தனி ஆபரேஷன்ஸ் டீம் என்பது பழைய முறை. அதிலிருந்து பலரும் ஏன் விலகினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டியவர்களே ஓட்டவும் வேண்டும் என்று அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு சர்வீஸ் (பெரிய சிஸ்டத்தின் ஒரு பகுதியாகத் தனியாக ஓடும் புரோகிராம்) இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது மூன்றாவதைக் கூப்பிடுகிறது, மூன்றாவது டேட்டாபேஸைத் தொடுகிறது. மூன்று அடுக்கிலும் "தோற்றால் மொத்தம் 3 தடவை முயற்சி செய்" என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நல்ல கோடுதான். டேட்டாபேஸ் கொஞ்சம் திணறியதும் ஒரு பயனரின் ஒரு கிளிக் 27 வினவலாக மாறி அதன் மேல் விழுகிறது. திணறியது படுத்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் காத்திருந்த அத்தனையும் ஒரே நொடியில் மறுபடி மோதும், எழுந்தது மறுபடி விழும்.

ஆபரேஷன்ஸ் டீம் இங்கே என்ன செய்யும்? ரீஸ்டார்ட் செய்யும், டிக்கெட் (பிறகு சரிசெய்யச் சொல்லும் புகார்க் குறிப்பு) போடும். அந்த டிக்கெட் கோடு எழுதியவரின் பட்டியலில் நாற்பதாவதாகப் போய் உட்காரும், ஏனென்றால் அவருக்குத் தூக்கம் கெடவில்லை. முயற்சிகளுக்கு நடுவே இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது, அதில் கொஞ்சம் தற்செயலான வித்தியாசத்தைக் கலப்பது, ஒரே ஓர் அடுக்கில் மட்டும் மறுமுயற்சி வைப்பது எல்லாம் ஒரு நாள் வேலை. வலி சேர வேண்டியவரிடம் சேர்ந்தால்தான் அந்த ஒரு நாள் கிடைக்கும்.

நிரல்நேயன்

வலி சேர்ந்தால் திருந்துவார்கள் என்பது, திருத்துவதற்கு அவர்களுக்கு நேரம் கொடுத்தால்தானே? ஸ்பிரிண்ட் பட்டியலை, அதாவது அடுத்த சில வாரங்களுக்கான வேலைகளை, முடிவு செய்கிறவர் ப்ராடக்ட் மேனேஜர். அவருடைய போன் ராத்திரி அடிப்பதில்லை. ராத்திரி எழுகிறவருக்கும் மறுநாள் எதைச் செய்வது என்று முடிவெடுக்கிறவருக்கும் நடுவில் இருக்கிற சுவரை நீங்கள் தொடவேயில்லை. முன்பு ஆபரேஷன்ஸுக்கும் டெவலப்பருக்கும் நடுவே இருந்ததைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தாழம்பூ

யார் எழுந்திருக்கணும்னு பேசுறதுக்கு முன்னாடி, மனுஷன் எழுந்து ஆகப்போறது என்னன்னு பாருங்க.

சர்வீஸ் 99.9% நேரம் இயங்கும்னு கம்பெனி வாக்குக் கொடுத்தா 30 நாள்ல 43 நிமிஷம் படுத்திருக்கலாம். 99.99%னா 4.3 நிமிஷம்தான். இப்ப ராத்திரி 3 மணிக்கு நடக்கிறதை வரிசையா பாருங்க. பிரச்சினை ஆரம்பிச்சு அலர்ட் அடிக்க 2 நிமிஷம். போன் சத்தத்துக்கு முழிச்சு எடுக்க 3. லேப்டாப், விபிஎன், ஓடிபி எல்லாம் தாண்டி உள்ளே போக 5. எந்த டாஷ்போர்டுன்னு தேடுறதுக்குள்ள 10 நிமிஷம் போயிடுச்சு. ஆழ்ந்த தூக்கத்துலேர்ந்து எழுந்தா தலை தெளியறதுக்கே கால் மணியிலேர்ந்து அரை மணி ஆகும், அந்த நிலையில நேரடி டேட்டாபேஸ்ல கட்டளை அடிக்கிறதே ஆபத்து.

அப்ப 99.99 வாக்கை ஆன்-கால் ஆளை வச்சுக் காப்பாத்த முடியாது. புது வெர்ஷனை முதல்ல 1% டிராஃபிக்குக்கு மட்டும் விட்டு, பிழை விகிதம் ஏறினா தானாவே பழைய வெர்ஷனுக்குத் திரும்புற ஏற்பாடு இருக்கணும். அது இல்லாம அந்த நம்பரை ஒப்பந்தத்துல எழுதுற கம்பெனி, ஊழியரோட தூக்கத்தை அடமானம் வச்சும் வாக்கைக் காப்பாத்தாது.

மூன்றாம்யாமம்

தானியங்கித் திருப்பத்தை ஏற்கிறேன். ஆனால் அது டிப்ளாய் (புது வெர்ஷனை வெளியிடுவது) தொடர்பான கோளாறை மட்டுமே பிடிக்கும். ஓர் உதாரணம்: சர்வீஸில் 20 இன்ஸ்டன்ஸ் (ஒரே புரோகிராமின் 20 பிரதிகள்), ஒவ்வொன்றும் 10 டேட்டாபேஸ் கனெக்‌ஷன் வைத்துக்கொள்கிறது. டேட்டாபேஸின் உச்ச வரம்பு 200. எல்லாம் பச்சையாக இருக்கும். இந்தப் பிரதிகளை நிர்வகிக்கிற குபர்நெடிஸ், பழையதைப் படிப்படியாகப் புதியதாக மாற்றும் ரோலிங் அப்டேட்டில் இயல்பாகவே 25% கூடுதலாக எழுப்பிக்கொள்ளும். 25 இன்ஸ்டன்ஸுக்கு 250 கனெக்‌ஷன். புதிதாக எழுந்தவை உள்ளே போக முடியாமல் விழும். தானியங்கி பழையதற்குத் திருப்பிவிடும், சரிதான். ஆனால் ராத்திரி டிராஃபிக் ஏறி ஆட்டோஸ்கேலிங் (டிராஃபிக்குக்கு ஏற்ப இன்ஸ்டன்ஸைத் தானாகக் கூட்டுவது) அதே 25-ஐ எழுப்பினால் திருப்புவதற்குப் பழைய வெர்ஷன் எது? அந்த 10 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

தாழம்பூ

எழுதினவர் தலையில மட்டும் அந்த 10 இருக்குன்னா அது பகல்ல கண்டுபிடிச்சு ரன்புக்ல (கோளாறு வந்தா என்ன செய்யணும்ங்கிற குறிப்பேடு) எழுத வேண்டிய விஷயம். ஆட்டோஸ்கேலிங் உச்ச எண்ணிக்கை பெருக்கல் கனெக்‌ஷன், வரம்பைத் தாண்டுதான்னு டிப்ளாய்க்கு முன்னாடியே ஒரு சோதனை வைக்கலாம். இதுக்கு ஆளை எழுப்ப வேண்டியதில்ல.

பெரும்பாலான ராத்திரி அலர்ட் இப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்றேன்: "டிஸ்க் 80% நிறைந்தது". 500 ஜிபி டிஸ்க்னா இன்னும் 100 ஜிபி மிச்சம். ஒரு நாளைக்கு 2 ஜிபி ஏறுதுன்னா 50 நாள் இருக்கு. லாக் லெவலை யாரோ டீபக்ல (சின்ன விஷயத்தையும் பதிவு செய்ற நிலை) விட்டுட்டுப் போய் மணிக்கு 30 ஜிபி ஏறுதுன்னா மூணு மணி 20 நிமிஷம்தான். ரெண்டுக்கும் ஒரே அலர்ட், ஒரே சத்தம். முதலாவது டிக்கெட், ரெண்டாவதுதான் போன். "இந்த வேகத்துல போனா 4 மணி நேரத்துல நிரம்பும்"னு விதியை மாத்துறது நாலு வரி வேலை. 80%ங்கிற விதி எந்தக் காலத்துலயோ யாரோ வச்சது, அதைத் தூக்க யாருக்கும் துணிச்சல் இல்ல. வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியும் அப்படித்தான். 30 நாள் முன்னாடியே தெரியுற விஷயம் ராத்திரி 2 மணிக்கு ஏன் அடிக்கணும்?

கணக்கர்

யாருமே சம்பளத்தைத் தொடவில்லையே.

ஆன்-கால் ஊதியம் இரண்டு தனித்தனி விஷயம். ஒன்று, அலர்ட் அடிக்காவிட்டாலும் கட்டிப்போட்டு வைத்ததற்கான தொகை. இன்னொன்று, எழுந்து வேலை பார்த்த மணிகளுக்கான தொகை. "இரண்டும் சம்பளத்திலேயே அடக்கம்" என்றால் கம்பெனிக்கு அலர்ட்டைக் குறைக்க எந்த அவசியமும் இல்லை. ஒவ்வொரு ராத்திரி அழைப்பும் ஒரு செலவுக் கணக்கில் ஏறினால் அடுத்த மாதமே அந்த 80% விதியை யாராவது தேடிப்போய் எடுத்துவிடுவார்கள்.

சட்டமும் இதில் பேசியிருக்கிறது. பெல்ஜியத்தில் ஒரு தீயணைப்பு வீரர் வீட்டிலிருந்தபடி காத்திருக்கணும், அழைத்தால் 8 நிமிஷத்தில் வந்து சேரணும் என்பது விதி. அந்தக் காத்திருப்பு வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வீட்டில் இருப்பதா என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் வரணும், அந்தக் கட்டுப்பாடு சொந்த நேரத்தை எவ்வளவு தின்கிறது என்பதே கேள்வி. அங்கே 24 மணிக்கு 11 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வும் விதியாக இருக்கிறது. சாஃப்ட்வேர் ஆன்-காலையும் இதே கண்ணால் பார்க்கணும். 15 நிமிஷத்தில் லேப்டாப் முன்னால் இருக்கணும் என்பதும் 2 மணி நேரத்தில் பார்த்தால் போதும் என்பதும் ஒரே வேலை கிடையாது. இரண்டுக்கும் ஒரே தொகை கொடுப்பது அநியாயம்.

மூன்றாம்யாமம்

பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தால், அலர்ட்டைக் குறைக்கிறவர் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். அதனால் காத்திருப்புத் தொகையைப் பெரியதாகவும் அழைப்புத் தொகையைச் சிறியதாகவும் வைத்து, ராத்திரி எழுந்தால் மறுநாள் பகல் விடுப்பைக் கேட்காமலே கொடுப்பது நல்லது.

ஆள் எண்ணிக்கையில் நிரல்நேயன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 4 பேரை வைத்து 24 மணி நேர ஆன்-கால் நடத்துவது தவறு. கூகுள் வெளியிட்ட வழிமுறையில் ஒரே இடத்தில் இருக்கும் டீமுக்குக் குறைந்தது 8 பேர், இரண்டு நேர மண்டலங்களில் பிரிந்திருந்தால் இடத்துக்கு 6 பேர் என்று இருக்கிறது. 8 பேர் என்றால் முதல் ஆள், செகண்டரி இரண்டும் சேர்த்து 13 வாரம், அதாவது கால் பங்கு நேரம். 12 மணி ஷிஃப்டுக்கு 2 சம்பவம்தான் உச்சம் என்றும் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி, சரி செய்து, அறிக்கை எழுத 6 மணி ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நிரல்நேயன்

அந்த 8 பேரை எத்தனை கம்பெனி கொடுக்கும்? பெரிய கம்பெனியின் விதியை எடுத்து 4 பேர் டீமில் பெயரை மட்டும் ஒட்டுவதுதான் நடக்கிறது. இரண்டு சம்பவம் உச்சம் என்றால், மூன்றாவது வந்ததும் என்ன ஆகும் என்று எழுதியிருக்கணும். புது ஃபீச்சர் டிப்ளாய் நிற்குமா? அதை நிறுத்தும் அதிகாரம் ராத்திரி எழுந்தவர் கையில் இருந்தால் நானே ஆன்-கால் முறைக்கு ஆதரவாகப் பேசுவேன். இல்லாதவரை தனி ஷிஃப்ட் டீம்தான் நேர்மையான ஏற்பாடு. அவர்களுக்காவது பகலில் தூங்க உரிமை உண்டு.

தாழம்பூ

அந்த ஒரு விஷயத்துல நான் உங்க பக்கம். அதிகாரம் இல்லாத ஆன்-கால் வெறும் காவல்.

புதுசா சேரப்போறவங்க இன்டர்வியூவுல "ஆன்-கால் உண்டா"ன்னு கேட்டு நிறுத்தாதீங்க. "எப்பவாவதுதான்"னு பதில் வரும். இப்படிக் கேளுங்க: முறைப்பட்டியல்ல இப்போ எத்தனை பேர், அதுல புதுசா பயிற்சியில இருக்கிறவங்களைக் கழிச்சா எத்தனை? போன மாசம் ராத்திரி 11லேர்ந்து காலை 7 வரை எத்தனை அழைப்பு, அதுல எத்தனை ஒண்ணும் செய்யாமலே தானா சரியாச்சு? முறை மாத்துறது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? புதன் மதியம்னா யோசிச்சு வச்ச டீம், வெள்ளி சாயங்காலம்னா பாதிப் பிரச்சினையோட வார இறுதி கைமாறும். கடைசியா ஒண்ணு: போன ஆறு மாசத்துல எந்த அலர்ட்டையாவது தூக்கியிருக்கீங்களா, தூக்கச் சொன்னது யாரு?

மேனேஜர் இதுக்கு டாஷ்போர்டைத் திறந்து காட்டினா நல்ல அடையாளம். "எங்க டீம் குடும்பம் மாதிரி"ன்னு ஆரம்பிச்சா, 4 பேர்னு வச்சுக்கோங்க.