'என் டேட்டா எல்லாவற்றையும் அழியுங்கள்' என்று மெயில் வந்தால் எதை அழிப்பது, எதை வைப்பது? (ஜிடிபிஆர், ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம்)

கேள்வி

ஜெர்மனியில் பதிவான சிறிய மென்பொருள் நிறுவனம், மாதச் சந்தா சேவை. ஒருவர் சந்தாவை ரத்து செய்த கையோடு, "என் டேட்டாவின் பிரதி வேண்டும், பிறகு எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று எழுதியிருக்கிறார். எங்களிடம் அவருடைய கணக்கு விவரம், நியூஸ்லெட்டர் பதிவு, இன்வாய்ஸ்கள், மோசடி லாகினைத் தடுக்க வைத்திருக்கும் ஐபி லாக் (எந்த இணைய முகவரியிலிருந்து லாகின் நடந்தது என்ற பதிவு) ஆகியவை இருக்கின்றன. மொத்தமாக டெலீட் செய்துவிடலாமா? எத்தனை நாள் அவகாசம்?

பதில் 1

மொத்தமாக வேண்டாம். ஒப்புதல், ஒப்பந்தம், சட்டக் கடமை, நியாயமான நலன் என எந்தச் சட்ட அடிப்படையில் (ஜிடிபிஆர் 6-ஆம் பிரிவு) ஒரு டேட்டாவை வைத்திருக்கிறீர்களோ, அதைப் பொறுத்துத்தான் அவருக்கு எந்த உரிமை உண்டு என்பது அமையும்.

முதலில் பிரதி. பார்வையிடும் உரிமை எல்லா அடிப்படைக்கும் பொது. ஐபி லாக், இன்வாய்ஸ் உட்பட எல்லாம் அதில் வர வேண்டும். சிஎஸ்வி, ஜேசான் போன்ற, கணினி படிக்கக்கூடிய கோப்பு வடிவில் வேறு சேவைக்கு எடுத்துச் செல்லும் உரிமை வேறு. அது ஒப்புதல், ஒப்பந்தம் இரண்டுக்கு மட்டும்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு லாக்கைப் பிரதியில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கணக்கு விவரம் ஒப்பந்தத்தின் கீழ் வருவது. சந்தா முடிந்ததால் தேவையும் முடிந்தது, அழியுங்கள். நியூஸ்லெட்டர் ஒப்புதலில் நிற்கிறது, அவர் திரும்பப் பெற்றதும் நிறுத்த வேண்டியதுதான்.

இன்வாய்ஸை வைத்திருப்பது சட்டக் கடமை. அழிக்கும் உரிமை இங்கே செல்லாது. ஜெர்மனியில் இப்போது 8 ஆண்டு (2024 வரை 10 ஆண்டாக இருந்தது), அதுவும் அந்தக் காலண்டர் ஆண்டு முடிவிலிருந்து எண்ண வேண்டும். 2025 மார்ச்சில் போட்டது 2033 டிசம்பர் 31 வரை இருக்கும். ஆனால் இன்வாய்ஸோடு ஒட்டியிருக்கும் சப்போர்ட் சாட்டுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

ஐபி லாக்தான் சிக்கலானது. அது நியாயமான நலன் என்ற அடிப்படை, அதாவது ஒப்புதல் கேட்காமல் நிறுவனத்தின் நியாயமான தேவைக்காக வைத்திருப்பது. அவர் தன் சூழ்நிலையைச் சொல்லி 21-ஆம் பிரிவின்படி ஆட்சேபிக்கலாம். அவருடைய நலனை விஞ்சும் வலுவான காரணம் உண்டு என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். முடிவெடுக்கும் வரை லாக்கை வைத்திருக்கலாம், பயன்படுத்தக் கூடாது என்று அவர் கேட்கலாம்.

அவகாசம் ஒரு மாதம். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் 2 மாதம், ஆனால் அதை முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். மறுப்புக்கும் அதே ஒரு மாதம்தான். மேற்பார்வை அமைப்பிடம் புகார் செய்யலாம், நீதிமன்றம் போகலாம் என்பதையும் அந்தப் பதிலில் எழுதுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. இரண்டு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள்.

ஒன்று, ஒப்புதல் போனதும் "சரி, நியாயமான நலன் என்று வைத்துக்கொள்வோம்" என மாற்றுவது. அது செல்லாது. அடிப்படை எது என்று சேகரிக்கும்போதே தனியுரிமை அறிவிப்பில் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புதல் என்று கேட்டுவிட்டுப் பின்னால் மாற்றினால் அந்த ஒப்புதலுக்கு என்ன அர்த்தம்?

இரண்டு, உங்கள் டேட்டாபேஸில் மட்டும் அழிப்பது. மெயில் அனுப்பும் சேவை, வாடிக்கையாளர் கேள்விகளைப் பதியும் டிக்கெட் மென்பொருள் என யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் (19-ஆம் பிரிவு).

கேட்டவர்

நன்றி. பழைய வாடிக்கையாளர் சிலருக்கு ஒப்புதல் கேட்காமல், நியாயமான நலன் என்று விளம்பர மெயில் போகிறது. அவர்கள் ஆட்சேபித்தாலும் எங்கள் நலனையும் அவர்கள் நலனையும் எடைபோட்டுப் பார்க்கலாமா?

பதில் 2

இல்லை. நேரடி விளம்பரத்துக்கு ஆட்சேபம் வந்தால் எடைபோடும் பேச்சே கிடையாது, காரணமும் கேட்கக் கூடாது. உடனே நிறுத்துங்கள். மின்னஞ்சல் முகவரியை மட்டும் 'அனுப்பாதே' பட்டியலில் வையுங்கள். அதையும் அழித்துவிட்டால், அடுத்த முறை யாராவது பழைய சிஎஸ்வியை இம்போர்ட் செய்யும்போது அவருக்கு மறுபடி மெயில் போய்விடும்.