செஸ்ட்நட்டின் உள்தோல் உரியவே மாட்டேன் என்கிறது

புதுஅடுப்பு:
ஓட்டோடு ஒரு கிலோ செஸ்ட்நட் கொட்டை வாங்கினேன். ஓவனில் சுட்டால் மேல் ஓடு கழன்று வருகிறது. உள்ளே இருக்கும் பழுப்புத் தோல்தான் பருப்பை விட மாட்டேன் என்கிறது. சுரண்டினால் பருப்பு உதிர்கிறது, தோலோடு தின்றால் ஒரே துவர்ப்பு. சிலவற்றில் பூஞ்சை வேறு. வாங்கியது சரியில்லையா, சுட்டது சரியில்லையா?

கரண்டிக்காரி:
வாங்கியதில்தான் எனக்குச் சந்தேகம். கொட்டை என்ற பெயரை நம்பி, பாதாம் மாதிரி டப்பாவில் போட்டு வைக்கிற பொருள் இல்லை இது. பச்சைச் செஸ்ட்நட்டில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கொழுப்பு சொற்பம், மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. வெளியே கிடந்தால் ஒன்று காயும், இல்லை பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததில் உள்தோல் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும்.

கையில் எடுத்தால் கனமாக, ஓடு பளபளவென்று இருக்க வேண்டும். அமுக்கினால் ஓடு உள்வாங்கினாலோ, குலுக்கினால் கடகடவென்று ஆடினாலோ வைத்துவிடுங்கள். ஊசி குத்தியது போல ஓட்டை இருந்தால் புழு. வீட்டுக்கு வந்ததும் நான் தண்ணீரில் கொட்டி, மிதப்பதைத் தள்ளிவிடுவேன். மூழ்கியதைத் துடைத்து, துளையிட்ட பையில் ஃப்ரிட்ஜில் வைப்பேன்.

அப்புறம் சுடுவது. கீறல் ஓட்டோடு நின்றால் போதாது, உள்தோலும் அறுபட வேண்டும். புடைத்த பக்கத்தில் குறுக்காக ஒரே நீளக் கீறல் போடுங்கள். கீறாமல் வைத்தால் ஓவனுக்குள்ளேயே வெடிக்கும். 200 டிகிரியில் 20, 25 நிமிடம். எடுத்ததும் ஈரத்துணியில் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், அந்த ஆவிதான் தோலை இளக்கும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சூட்டோடு உரியுங்கள். விரல் சுடும்தான், வேறு வழியில்லை.

நிதானம்:
வகையும் காரணமாக இருக்கலாம். சீன வகையில் உள்தோல் சுலபமாக வந்துவிடும். ஜப்பானிய வகை பெரிதாக, அழகாக இருக்கும், ஆனால் தோல் லேசில் கழலாது. உரிக்க வராததை நான் வேகவைத்து, பாதியாக வெட்டி, ஸ்பூனால் வழித்தெடுத்து சூப்பில் போடுவேன்.

வேர்க்கால்:
மரத்தடியில் பொறுக்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குதிரைச் செஸ்ட்நட் என்று ஒன்று உண்டு, அது நஞ்சு. தின்னக்கூடியதன் மேலுறையில் முள் அடர்ந்து ஊசியாக இருக்கும், கொட்டைக்குக் கூர்நுனியும் உண்டு. நஞ்சானதன் உறையில் முள் குறைவு, கொட்டையில் நுனி கிடையாது.

புதுஅடுப்பு:
என் பையில் இருப்பதில் பாதி மிதக்கிறது! மிச்சத்தை வைத்து என்ன செய்யலாம்? உரித்து வெற்றிடப் பாக்கெட்டில் வருவதையே வாங்கிவிடலாமா?

கரண்டிக்காரி:
சூப்புக்கும் மசியலுக்கும் பாக்கெட் தாராளமாகப் போதும், அதற்காக விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். சுட்டு அப்படியே சாப்பிடத்தான் ஓட்டோடு வாங்க வேண்டும். பாக்கெட்டில் அந்தக் கருகல் வாசனை வராது. கையில் இருப்பதை இன்றே சுட்டுவிடுங்கள். உரித்தது மிஞ்சினால், பால், சர்க்கரை சேர்த்துச் சின்னத் தீயில் குழைய வேகவைத்து அரைத்து வையுங்கள். ரொட்டியில் தடவலாம். பூஞ்சை பட்டதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுச் சமைக்காதீர்கள், முழுசாகவே எறிந்துவிடுங்கள்.