பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களுடைய புத்தகங்களைப் பிரிந்த அனுபவங்கள்: வாசகர்கள் எழுதியவை

ஈரோட்டுத் தாய்:

மகன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். நுழைவுத்தேர்வுப் புத்தகங்களுக்கு அலமாரியில் இடம் வேண்டியிருந்ததால், அவனுடைய சிறுவயதுப் படக்கதைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவது என்று வீட்டில் முடிவானது. அட்டைக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த இரண்டையும் என் கண்ணெதிரிலேயே அவர் பிரிப்பார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. தூங்க மறுக்கும் யானைக்குட்டியைப் பற்றிய கதைப்புத்தகத்தை விரித்து, முழங்காலில் வைத்து அழுத்தி, ஒரே இழுப்பில் அட்டையைத் தனியே எடுத்தார். யானையின் தும்பிக்கை அட்டையோடு போயிற்று. அதன் வால் பின்னட்டையில் இருந்தது. மகன் மூன்று வயதில் ஊதா நிறக் கிரேயானால் அதற்கு வரைந்த காலணிகளும் அங்கேதான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு அவர், "இதை மட்டும் எடுத்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த மனிதர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன். தாள்கள் தராசில் ஏறிவிட்டன. அறைக்குள் பாடம் படித்துக்கொண்டிருந்த மகன் தலையை நிமிர்த்திப் பார்க்கவே இல்லை. அது நல்லதா கெட்டதா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்:

ஈரோட்டுச் சகோதரி வருந்தக்கூடாது. ஆயினும் குழந்தைகளின் புத்தகம் எடைக்குப் போவதை என்னால் ஏற்க இயலவில்லை. என் மகளின் புத்தகங்களை நான் பணியாற்றிய கிராமத்துத் தொடக்கப்பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, முதல் பக்கத்தில் எழுதியிருந்த என் மகளின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இந்த அக்கா இதைப் படிச்சு முடிச்சிட்டாங்களா சார்?" என்று கேட்டாள். என் அனுபவம் அவ்வளவுதான்.

கொடுக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. முதலில் ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்து உதறிப் பாருங்கள். இராமபாணப் பூச்சி ஒன்றில் இருந்தாலும் பள்ளி அலமாரி முழுவதற்கும் பரவிவிடும். பூச்சி அரித்ததைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். நிழலில் காற்றாட வைத்தாலே போதும்; வெயிலில் காயவைத்தால் தாள் மொரமொரப்பாகி மடிப்பில் ஒடியும். மழமழப்பான கெட்டி அட்டைப் புத்தகங்களை ஈரத்துணியைப் பிழிந்து துடைக்கலாம். சாதாரணத் தாளில் தண்ணீர் படவே கூடாது. பக்கம் குறைந்தவற்றைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கதையின் முடிவு இல்லாத புத்தகத்தை ஒரு குழந்தையின் கையில் கொடுப்பது இரக்கமற்ற செயல். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, எந்த வகுப்புக்கு எத்தகைய நூல் தேவை என்று கேட்டறிந்து கொண்டுபோங்கள். அரசே மாணவர்களுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்களை வெளியிடுவதால் பள்ளியில் கதைக்கு இடமில்லை என்ற நிலை இன்று இல்லை. இருப்பினும் வண்ணப்படம் நிறைந்த, எழுத்துக் குறைந்த நூல்கள் எங்கும் போதவில்லை. நீங்கள் கொடுக்கும் பத்துப் புத்தகங்களில் எட்டு அப்படிப்பட்டவையாக இருந்தால் நல்லது.

மயிலாப்பூர் வாசகர்:

என் அனுபவம் சற்று வேறானது. நாங்கள் பிரிந்தவை மூன்று தலைமுறையின் புத்தகங்கள். தாத்தா வாங்கி, அப்பா ஆண்டுவாரியாகப் பைண்டு செய்து, நான் படித்து வளர்ந்த அம்புலிமாமா தொகுதிகள் அவை. 1947 ஜூலையில் தொடங்கிய அந்த இதழைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் பெங்களூரில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒரு பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் சோர்ந்துவிடுவாள். பழைய வீடு அடுக்குமாடிக் கட்டுமானத்துக்குப் போனபோது, அவற்றைச் சேகரிப்பாளர் ஒருவருக்குக் கொடுத்தோம்.

அவர் வந்து தரையில் அமர்ந்து ஒரு தொகுதியை நடுவில் திறந்தார். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளுடன் நடக்கும் அந்தப் படம். 2020இல் மறைந்த ஓவியர் சங்கரின் கை என்பதை எவரும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவர். ஆனால் சேகரிப்பாளர் தேதியைப் பார்க்காமலேயே, உள்ளே இருந்த விளம்பரத்தைக் கொண்டு அது எந்த ஆண்டின் இதழ் என்று சொன்னார். நான் முகப்பைப் புரட்டிப் பார்த்தேன்; சரியாக இருந்தது. என் பிள்ளைப்பருவத்தை என்னைவிட நன்றாக அறிந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போகிறார் என்ற எண்ணம் அப்போது உண்டாயிற்று. பணம் எவ்வளவு என்று அவர் கேட்டபோது, என்னால் ஒரு தொகையைச் சொல்ல முடியவில்லை.

சிங்கப்பூர்த் தந்தை:

மயிலாப்பூர் ஐயா மன்னிக்க வேண்டும். சேகரிப்பாளரிடம் போன புத்தகம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. அதைத் தொடக்கூட எந்தக் குழந்தைக்கும் வாய்ப்பில்லை. தங்கள் மகள் வாசிக்கச் சோர்கிறாள் என்பதற்காகவே அவற்றில் ஒரு தொகுதியேனும் அவளிடம் இருந்திருக்க வேண்டும்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடு மாறும் நேரத்தில், என் மகளின் தமிழ்ப் புத்தகங்களைப் பக்கத்து அடுக்கில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். இங்கே கடைகளில் தமிழ்ப் படக்கதைகள் எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஊருக்குப் போகும்போது பெட்டியில் கொண்டுவருபவைதாம். பதினைந்து வயது மகள் வந்து, பெட்டியின் மேலே இருந்ததை எடுத்து, நின்றபடியே வாய்விட்டுப் படித்தாள். என் குரலில் படித்தாள். நான் அவளுக்குப் படித்துக் காட்டும்போது, கிழவி கதவைத் தட்டும் இடத்தில் மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்துவேன். அந்த நிறுத்தத்தை அவளும் அதே இடத்தில் செய்தாள். 'ழ'கரத்தை நான் அழுத்தும் விதம்கூட மாறவில்லை. பிறகு, "அப்பா, இது என் புத்தகம், கொடுக்கிறதா இல்லையான்னு நான்தான் சொல்லணும்" என்றாள். அவளே உட்கார்ந்து, போகட்டும், இருக்கட்டும் என்று பிரித்து வைத்தாள். போகட்டும் என்ற பக்கத்தில்தான் அதிகம் இருந்தன. கிழவி கதை இருக்கட்டும் என்ற பக்கத்தில் இருந்தது.

மயிலாப்பூர் வாசகர்:

சிங்கப்பூர் நண்பர் சொல்வதில் ஒரு பாதியை ஏற்கிறேன். மறுபாதியை ஏற்கவில்லை. செய்தித்தாள் போன்ற மலிவுத் தாளில் அச்சான அந்நாளைய சிறுவர் இதழ்களும், 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்றவையும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன என்றால், அவற்றைப் பூச்சியிடமிருந்தும் தராசிடமிருந்தும் காத்தவர்கள் சேகரிப்பாளர்களே. படித்தவர்கள் நாம் கிழித்துத் தீர்த்துவிட்டோம். மகளிடம் கேட்டுத்தான் கொடுத்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கிளை நூலகப் பணியாளர்:

புத்தகம் கொடுக்க வருபவர்களை நாள்தோறும் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பெரியவர்களின் நூல்களைக் கொடுப்போர் பையை மேசையில் வைத்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார்கள். குழந்தைகளின் நூல்களைக் கொடுப்போர் கிளம்புவதில்லை. ஒருவர், நல்ல உயரமான மனிதர், சிறுவர் பகுதியில் உள்ள தாழ்வான பெஞ்சில் முழங்கால்கள் மார்பில் இடிக்க உட்கார்ந்து, தாம் கொண்டுவந்த புத்தகங்களுள் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். உதடுகள் அசைந்தன. பிறகு அதை என்னிடம் கொடுத்து, முத்திரை குத்தும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் சென்றார். அந்த முத்திரையைக் குத்தும்போது என் கை சற்றுத் தயங்கியது. அதன்பின் அது யாருடைய புத்தகமும் அல்ல; ஒரு பதிவு எண் மட்டுமே.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மற்றொன்று. மேலே நடக்கும் விவாதத்தில் சிங்கப்பூர் நண்பர் முதலாவதைப் பேசுகிறார், மயிலாப்பூர் ஐயா இரண்டாவதைப் பேசுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் வேண்டும் என்பதால்தான் ரங்கநாதன் அவற்றைத் தனித்தனியே எழுதினார். கொடுக்க வருவோர், எல்லாமே இருப்பில் சேர்க்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரும்முன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம்.

திருநெல்வேலிப் பாட்டி:

ஆசிரியர் ஐயா பக்கம் குறைந்ததைக் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருப்பது முற்றிலும் சரி. ஆனால் அதில் ஒரு துயரம் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. குழந்தை மிகவும் நேசித்த புத்தகம்தான் மிகவும் கிழிந்திருக்கும். கொடுக்கத் தகுந்த நிலையில் இருப்பவை, அவர்கள் அதிகம் தொடாதவை. என் மகளின் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தபோது இதைத்தான் கண்டேன். புத்தம்புதியதாக இருந்த நீதிக்கதைகளை எல்லோரும் மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டார்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்கு வாங்கிய சோவியத் படக்கதையை எவருமே கேட்கவில்லை. ஓரங்கள் மழுங்கி, கரடியின் முகத்தில் பால் கொட்டிய கறையோடு, நடுத்தையல் விட்டுப்போய், கடைசி இரண்டு தாள்கள் இல்லாமல் இருந்தது. மகளுக்கு அந்த முடிவு மனப்பாடமாகத் தெரியும். அதனால் தாள் போனதை அவள் பொருட்படுத்தியதே இல்லை. பேத்திக்குப் படித்துக் காட்டியபோது, கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் மேற்கொண்டு புரட்டப் பார்த்தாள். நான் முடிவை வாயால் சொன்னேன். "புத்தகத்துல இல்லையே ஆச்சி" என்று ஏற்க மறுத்துவிட்டாள்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்தப் புத்தகங்களின் வரத்தும் நின்றுவிட்டது. பனிக்காட்டில் வழி தவறிய கரடிக்குட்டியும் ஒரு கம்பளிக் கையுறையும் வரும் கதை அது. பெரிய அளவு, நீல அட்டை. இங்கே யாரிடமாவது முழுப் பிரதி இருந்தால் விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். விற்க மனமில்லை என்றால், கடைசி இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.