தலையை அறுத்த பிறகும் பேய்க்கணவாயின் கை அசைவது எப்படி?

கேள்வி (கடலூர் முதுநகர்):
இன்று விடியற்காலையில் துறைமுகத்தில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) வாங்கினோம். மீன்கார அம்மா தலையை அறுத்து எடுத்த பின்னும், தனியே கிடந்த கை ஒன்று தட்டின் விளிம்பைச் சுற்றி வளைந்தது. என் மகள் விரலை வைத்ததும் உறிஞ்சிகள் அதைப் பற்றிக்கொண்டன. பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் படிக்கும் அவள், மூளையே இல்லாதபோது தசைக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (புதுச்சேரி, விலங்கியல் ஆசிரியர்):
மிக நல்ல கேள்வி, ஐயா. மீனுக்கும் நமக்கும் மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து உடலெங்கும் கிளைத்துச் செல்லும் நரம்புகள் புற நரம்பு மண்டலம். பேய்க்கணவாயின் அமைப்பு வேறு. அதற்குள்ள ஏறத்தாழ 50 கோடி நரம்பு செல்களில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு நரம்பு வடம் நீள ஓடுகிறது. ஒவ்வோர் உறிஞ்சிக்கும் அருகில் ஒரு நரம்பு செல்திரள் உண்டு. உறிஞ்சியின் விளிம்பிலுள்ள உணர்வு செல்கள் தொடுதலை அறிந்து செய்தி அனுப்ப, அது மூளைக்குப் போகாமல் கைக்குள்ளேயே தசையைச் சென்றடைகிறது. நம் உடலிலும் இதற்கு இணையான அனிச்சைச் செயல் உண்டு. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், வலியை மூளை உணர்வதற்கு முன்பே தண்டுவடத்தின் வழியாகக் கை பின்னிழுக்கப்படுகிறது.

மறுமொழி (கடலூர்):
ஆசிரியர் கூறியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். அறுத்தவுடன் நரம்பு செல்கள் இறந்துவிடுவதில்லை. ஓய்வு நிலையில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் போதுமான அளவை எட்டியதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, அந்த மாற்றம் நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்சான் நெடுகப் பரவுகிறது. சேமித்த ஆற்றல் தீரும்வரை இது நடக்கும். புதிய கணவாயில் உப்புத் தூவினால் தசை துடிப்பதற்கும் அயனிச் சமநிலை குலைவதே காரணம். இதை நாம் அறிந்ததே ஊசிக்கணவாயால் (ஸ்க்விட்) தான்: அதன் பெரும் ஆக்சான் 1 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டதால், ஆங்கிலேய விஞ்ஞானிகளான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதற்குள்ளேயே மின்முனையைச் செலுத்தி அளந்தனர். 1952-இல் முடிவுகளை வெளியிட்ட அவர்களுக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஆக்சான்கள் மிக மெல்லியவையாயினும், மையலின் என்னும் கொழுப்பு உறை இருப்பதால் சிலவற்றில் வேகம் நொடிக்கு 120 மீட்டர் வரை எட்டுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அந்தக் கைக்கு வலித்திருக்குமா என்பதே மகளின் அடுத்த கேள்வி.

மறுமொழி (புதுச்சேரி, விலங்கியல் ஆசிரியர்):
தூண்டலுக்குத் துலங்குவது வேறு, வலியை அனுபவிப்பது வேறு. பின்னதற்கு மூளை வேண்டும். ஆனால் உயிரோடிருக்கும் பேய்க்கணவாய்க்கு வலி உண்டு என்று கருதப் போதிய சான்றுகள் இருப்பதால், பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்கு நலச் சட்டத்தில் அதையும் சேர்த்தது. ஆகவே கைகளை வெட்டுவதற்கு முன் மூளையை உடனே செயலிழக்கச் செய்வதே முறை என்பது என் உறுதியான கருத்து. அந்த மூளை இரு கண்களுக்கும் நடுவே, உணவுக்குழாயைச் சூழ்ந்து அமைந்திருக்கிறது. அடுத்த முறை சுத்தம் செய்யும்போது மகளுக்கு அதைக் காட்டுங்கள்.